முதலில் நட்டைக் கோக்க வேண்டும்

ஈரமில்லை. இந்த மூட்டிலும் ஈரமில்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்திருக்கிறேன், ஹோட்டலில் கை துடைக்கக் கொடுப்பார்களே அந்த மெல்லிசுக் காகிதம், ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். காலையிலிருந்து தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒழுகாது, கண்ணை எடுத்தால் ஒழுகிவிடும் என்று மனசுக்குள் ஒரு கிறுக்கு எண்ணம். முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. கண் எரிகிறது. திறந்து போட்ட கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பம்ப் மட்டும்தான், காற்றை வெளியே தள்ள முழு வேகத்தில் இரைந்துகொண்டு ஓடுகிறது, மற்ற எதற்கும் இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை, ஒழுகினாலும் தண்ணீரோடு போகட்டும் என்று. தண்ணீர் பம்ப்பிலிருந்து கிளம்பி, செம்புக் குழாயில் ஏறி, பிராசசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற செம்புக் கட்டிக்குள் நுழைந்து, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த குழாயில் ரேடியேட்டருக்குப் போய் ஆறி, மறுபடியும் பம்ப்புக்கே வந்து சேர வேண்டும். சூடு இனிமேல்தான். இப்போதைக்குச் சும்மா சுற்றுகிறது. காலையில் ஊற்றிய அதே தண்ணீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர், எங்கேயும் போகாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. நானும் எங்கேயும் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் லூர்து தூங்குகிறாள். தூங்க வேண்டும். ராத்திரி முழுக்க ஐசியூவில் நர்ஸ் டியூட்டியில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள், இன்று ராத்திரியும் போய் நிற்க வேண்டும், என் பெண்டாட்டி பகலில் நாலு மணி நேரமாவது கண்ணை மூடவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கூத்து முழுவதும்.

சத்தம்தான் பிரச்சினை. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி படம் பண்ணிக் கொடுப்பது என் தொழில். பில்டர்கள் அதைப் பெரிய பலகையில் போட்டு ரோட்டோரம் நிறுத்துவார்கள், பால்கனியில் பூந்தொட்டி, கீழே கார், ஓடிப் பிடித்து விளையாடுகிற குழந்தைகள், எல்லாம் நான் வைத்தவை. அந்த வெயிலையும் நிழலையும் கணக்குப் போட்டு வரைய கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், ஓடினால் சூடாகும், சூடானால் உள்ளே இருக்கிற விசிறிகள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற மாதிரி. எங்கள் வீடு பாலக்கரையில் ஒரு மாடிப் போர்ஷன், ஒரு ஹால், ஒரு அறை, நடுவில் ஒரு செங்கல் சுவர், அந்தச் சுவரில் ஒரு கதவு. ஹாலில் என் மில், அறைக்குள் அவள் தூக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் "இது என்னங்க, ஏரோப்ளேன் ஏறப்போற மாதிரி" என்று சிரித்தாள். அப்புறம் பழகிவிட்டது என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் ஒருநாள் காலையில் டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு ஒருத்தரக் கொன்னுருப்பேங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வயசானவர் ஒருத்தருக்குப் பிரஷர் மருந்து, பம்ப் வழியாக மணிக்கு நாலு மில்லி ஓட வேண்டியது. அவள் ஆஸ்பத்திரியிலும் பம்ப்தான், இதைவிடச் சின்னது, பொத்தான் அழுத்தி எண்ணைக் கொடுத்தால் அந்தக் கணக்குக்கு மருந்தை உள்ளே தள்ளும். இவள் நாலுக்குப் பதில் நாற்பது என்று அழுத்திவிட்டாள். பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிற ரஹ்மத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, ஓடிவந்து நிறுத்தியிருக்கிறாள். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "தூக்கக் கலக்கந்தான். உங்க மெஷின் போடுற சத்தத்துல பகல்ல எங்க தூங்கறது" என்றாள் லூர்து, அதையும் சிரித்துக்கொண்டே. எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. மெஷின். சத்தம். சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அவள் வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

ரேடியேட்டருக்குப் போகிற மூட்டு. ஈரமில்லை. நாக்கு வறண்டு கிடக்கிறது, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், போகவில்லை. ரப்பர் குழாயிலேயே இதை முடித்திருக்கலாம். கடையில் விற்கிறது, வளைந்து கொடுக்கும், கத்திரிக்கோலால் வெட்டி மாட்டினால் ஒரு மத்தியானத்தில் வேலை தீர்ந்தது. எனக்கு அது போதவில்லை. இணையத்தில் எவனோ ஒருத்தன் செம்புக் குழாயில் செய்து போட்ட படத்தைப் பார்த்தேன், கோடு கிழித்த மாதிரி நேராக ஏறி, சரியாகத் திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் தகதகவென்று நின்றது. அவ்வளவுதான், புத்தி அங்கேயே போய் ஒட்டிக்கொண்டது. ஏசிக்குப் போடுகிற செம்புக் குழாய், சுருளாக வாங்கி வந்தேன், ஒரு வளைக்கிற கருவி, ஒரு வெட்டுகிற கருவி, குழாயின் வாயை விரிக்கிற கருவி. லூர்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க இது? ரப்பர் ட்யூப் பத்தாதா? எங்க வார்டுல எத்தன உசுரு ரப்பர் ட்யூப்புல ஓடுது." நான் செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்று என்னமோ அளந்தேன். பொய் இல்லை, ஆனால் காரணமும் அது இல்லை. அழகாக இருக்க வேண்டும், அதுதான் காரணம். நாள் முழுக்க பொய் வீடுகளுக்கு அழகு பண்ணுகிறவன், ஒரு பொருளையாவது கையால் தொட்டுச் செய்ய ஆசைப்பட்டேன். செம்பில் கை வைத்தால் ரேகை விழுந்து கறுக்கிறது என்று புளியைக் கரைத்துத் தேய்த்தேன். சமையலறையில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் டியூட்டிக்குக் கிளம்பி நின்றாள், வெள்ளைக் கோட்டு, தோளில் பை. "மாதா முன்னாடி இருக்குற மெழுகுவத்தி ஸ்டாண்டு கறுத்துப்போய்க் கெடக்கு, அதயும் சேத்து வெளக்கிடுங்க" என்றாள். விளக்கினேன். அதுதான் அந்த வாரம் உருப்படியாக முடிந்த வேலை. அவளுடைய தூக்கத்துக்கு என்று ஆரம்பித்து என்னுடைய அழகுக்கு என்று இழுத்துக்கொண்டே போனேன், அவள் தினமும் போய் அந்தப் பம்ப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள், மில் இங்கே ஓடிக்கொண்டிருந்தது.

மேல் குழாய், செம்புக் கட்டிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிறது, இதைத்தான் நம்ப முடியவில்லை. விரலால் தடவிப் பார்க்கிறேன், காய்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் நம்ப முடியவில்லை. இது குட்டையான குழாய். குட்டையாகப் பிறக்கவில்லை, நான் ஆக்கினேன். குழாயை மூட்டோடு சேர்க்க அதன் வாயைப் புனல் மாதிரி விரிக்க வேண்டும், பித்தளை நட்டு அந்த விரிந்த வாயைப் பிடித்து இழுத்து மூட்டோடு இறுக்கும். விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு அது ஏறாது. இவ்வளவுதான் இந்த வேலையின் சூட்சுமம், சின்னப் பிள்ளைக்குச் சொன்னால்கூடப் புரியும். எனக்கும் புரிந்தது. மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து, கீழே சத்தம் போகக் கூடாது என்று கோணியை விரித்து, அளந்து, வெட்டி, பிசிறு நீக்கி, வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை விரித்து, ஆகா என்ன வட்டம் என்று ரசித்துத் திரும்பினால் நட்டு தரையில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. விரித்த வாயை வெட்டி எறி. மறுபடி விரி. மறுபடியும் நட்டு தரையில். மூன்றாவது தடவை, சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது தடவையும். கை தன்னால் போய் வேலையை முடித்துவிடுகிறது, முதலில் செய்ய வேண்டியதை மனசு கடைசியில்தான் ஞாபகப்படுத்துகிறது. துணி காயப்போட வந்த வீட்டுக்காரம்மா பெர்னதத் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏசி மாட்டுறீங்களா தம்பி? சுவத்துல ஓட்ட கீட்ட போட்ராதீங்க." இல்லக்கா, கம்ப்யூட்டருக்கு என்றேன். "கம்ப்யூட்டருக்கா?" என்று என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "லூர்து தூங்குதா? பாவம் அந்தப் புள்ள, மூஞ்சியே வாடிப்போச்சு, என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லேங்குது." தூங்கறாக்கா என்றேன். வெட்ட வெட்டக் குழாய் ஒரு விரற்கடை குறைந்துபோனது. சுருளில் மீதி இல்லை. இருப்பதை இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறேன். வெளியே பார்த்தால் நேராக, அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே இறுகிப்போய் நிற்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது விட்டால் என்ன ஆகும்? தெரியும். கண்ணை மூடினால் அதுதான் ஓடுகிறது. முதலில் ஒரு சொட்டு, நட்டின் கீழ்விளிம்பில் தொங்கும், விழாது. அப்புறம் விழும், நேராகக் கீழே இருக்கிற போர்டின் மேல், ஒரு சின்ன 'டிக்', கருகின வாசனை, திரை கறுத்துப்போகும், எல்லாம் முடிந்தது. சொட்டு. ஒரு சொட்டு அதிகமானால். மணிக்கு நாலு. நாற்பது. நான் ஏன் இதை நினைக்கிறேன்? எனக்கே மார்பு படபடக்கிறது, வெறும் கம்ப்யூட்டர், தகரமும் கம்பியும், போனால் போகிறது. அவளுக்கு எதிரே படுத்திருந்தவர் மனுஷர். வெளியே பெஞ்சில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாளாம், டிபன் கூடையோடு. அதை லூர்து என்னிடம் சொன்னாளா, இல்லை ரஹ்மத் போனில் சொன்னாளா? ரஹ்மத்தான். லூர்து அதற்கப்புறம் அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என்ன கேட்பது, ஒன்றும் ஆகவில்லையே, அவர் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார். நான் கேட்டதெல்லாம் தூங்கினாயா என்பதுதான், தூங்கினேன் என்பாள், கண் உள்ளே போயிருக்கும். இப்போதெல்லாம் கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் மூடுகிறாள், மூடினதைத் தொட்டுப் பார்க்கிறாள். பால்காரருக்குச் சொல்ல வேண்டிய கணக்கை என்னிடம் இரண்டு தடவை கேட்கிறாள். தூக்கமில்லை, அதனால்தான், சத்தம் நின்றால் சரியாகிவிடும். சத்தம் நின்றால் தூங்குவாள், தூங்கினால் கை தடுமாறாது, கை தடுமாறாவிட்டால் பயமில்லை. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தக் குட்டைக் குழாயில் போய்த் தொங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. களைப்பாகவும் இருக்கிறது, இரண்டில் எது அதிகம் என்று தெரியவில்லை.

போதும். இன்னும் எவ்வளவு நேரம் காகிதத்தை முறைத்துக்கொண்டிருப்பது? ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் முறை, ஆனால் இன்றைக்கே ஒரு படம் ஓட்டியாக வேண்டும், அவளும் தூங்கியாக வேண்டும். பம்ப்பை நிறுத்துகிறேன். காகிதங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறேன், எல்லாம் காய்ந்தே இருக்கின்றன, குட்டைக் குழாயின் கீழே இருந்ததை மட்டும் வீச மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். ஒயர்களைச் சொருகுகிறேன். பொத்தானை அழுத்தும்போது மரியே என்று வாய் தன்னால் சொல்கிறது. திரை வெளிச்சமாகிறது, பம்ப் இப்போது வேகம் தணிந்து இரைச்சலில்லாமல் சுற்றுகிறது. படத்தை ஓடவிடுகிறேன், பெரிய படம், பன்னிரண்டு மாடி, மாடிக்கு மாடி பால்கனி, எப்போதும் இதற்குத்தான் மில் அலறும். ஊளைக்காகத் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருக்கிறேன். வரவில்லை. படம் ஓடுகிறது, சதுரம் சதுரமாகச் சுவர் வெளுக்கிறது, நிழல் விழுகிறது, சத்தம் வரவில்லை. குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது, சூட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறது, சத்தமில்லாமல். சிரிப்பு வருகிறது. சிரித்தால் சத்தம் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொள்கிறேன். வீட்டுக்கு இவ்வளவு காது இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. பிரிட்ஜ் முனகுகிறது. கீழே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கிறார்கள். சுவர்க் கடிகாரம் இத்தனை நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்ததா? அப்புறம் இன்னொன்று. மெல்லிசாக, விட்டு விட்டு, ஒரு முணுமுணுப்பு. ஐயோ. குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது, குமிழி போய் எங்கேயோ முட்டுகிறது, அதுதான் இப்படிச் சத்தம் போடும். குனிந்து குட்டைக் குழாயில் காதை வைக்கிறேன். கன்னம் சுடுகிறது. உள்ளே தண்ணீர் சீராகத்தான் போகிறது. பம்ப்பில் காதை வைக்கிறேன். இல்லை. ரேடியேட்டரில் இல்லை. பெட்டியை விட்டு விலகினால் முணுமுணுப்பு தெளிவாகிறது, நெருங்கினால் மங்குகிறது. எழுந்து நிற்கிறேன், கால் மரத்துப்போயிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைக்கிறேன். சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

"நாலு. நாப்பது இல்ல. நாலு. பேர பாரு, பெட் நம்பர பாரு, நாலு. மறுபடி பாரு. நாப்பது இல்ல. நாலு."

கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஜெபமாலை சொல்கிற அதே ராகம், அதே வேகம், ஒரு மணி முடிந்ததும் அடுத்த மணி. பேர பாரு. நம்பர பாரு. நாலு. இது இன்றைக்கு ஆரம்பித்ததல்ல, இன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இவ்வளவு வழுவழுப்பாக வராது. எத்தனை பகல் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்குகிறாள் என்று ஹேக்ஸா ரம்பத்தைத் தொடாமல், செருப்புப் போடாமல், தும்மலை அடக்கிக்கொண்டு.

"லூர்து."

முணுமுணுப்பு நின்றது.

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள் உள்ளேயிருந்து.

"இல்ல. ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"சத்தத்தையே காணோம்."

"ஆமா. முடிச்சுட்டேன்."

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.

"அப்ப நான் பேசுனது வெளிய கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

கதவைத் திறந்தேன். திரைச்சீலை இழுத்துவிட்ட இருட்டில் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையணையில் தலை வைத்த பள்ளமே இல்லை. வலதுகைக் கட்டைவிரல் போர்வையை அழுத்திக்கொண்டிருந்தது, ஒரு பொத்தானை அழுத்துகிற மாதிரி, நான் வந்த பிறகும் அது நிற்கவில்லை.

"சத்தத்துலதான் தூக்கம் வரலேன்னு சொன்னியே."

"வேற என்னத்தச் சொல்றது?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "சத்தம் இருந்தது நல்லதுங்க. வாய்விட்டுச் சொல்லலாம். உங்களுக்குக் கேக்காது."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். செய்ய ஏதாவது இருந்தால் செய்துவிடுவேன், அளந்து வெட்டி வளைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன், அதற்குத்தான் கை பழகியிருக்கிறது. கையில் அந்த டிஷ்யூ காகிதம் இருந்தது. கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், துடைக்கவில்லை.

"இன்னிக்கு எப்படிங்க போவேன்? கை அந்தப் பம்ப்புகிட்ட போகவே மாட்டேங்குது. ஒவ்வொண்ணுக்கும் ரஹ்மத்தக் கூப்புட்டுக் காட்டுறேன். அவளுக்கே சலிச்சுப்போச்சு."

வாசற்படி. செருப்புக் கழற்றாத கால். ஒருத்தரக் கொன்னுருப்பேங்க. நட்டு அன்றைக்கே தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றேன். "மொதல்லேர்ந்து சொல்லு."

இப்போது பார்த்தாள். என்னை, பிறகு எனக்குப் பின்னால் திறந்திருந்த கதவை, ஹாலில் சத்தமில்லாமல் வெளிச்சம் மாறிக்கொண்டிருந்த திரையை.

"தண்ணி ஊத்தி வச்சுருக்கீங்க. கரண்டும் குடுத்துட்டீங்க. ஒழுகிடப் போவுது, போய்ப் பாருங்க."

"ஒழுகட்டும்."

கட்டைவிரல் நின்றது. அவள் அந்தக் காகிதத்தை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு காகிதத்துக்கு உள்ளேயிருந்து, "அந்தப் பெரியவரு என்னய பேரு சொல்லித்தான் கூப்புடுவாரு" என்று ஆரம்பித்தாள்.